புதுப்பித்த எஞ்சினைப் பொத்திப் பொத்தி ஓடாதீர்கள்



தெரிந்த தம்பி ஒருவர் சிறிய டீசல் லொறி வைத்துச் சாமான் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறார். எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்க, சீட்டுக் காசை எடுத்து அதைப் புதுப்பித்தார். "புது எஞ்சின், பக்குவமாய்ப் பார்க்கவேணும்" என்று காலையில் அரை மணித்தியாலம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். பாரமும் ஏற்றவில்லை. மூன்று மாதத்தில் திரும்பவும் நீலப் புகை! இரண்டாம் முறை கழற்ற வேண்டியதாயிற்று.

பிழை எங்கே? புதுப்பிக்கும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய குறுக்குக் கீறல்கள் போடுவார்கள். புதிய ரிங்குகள் அந்தச் சுவரோடு உரசிப் பொருந்தி உட்கார வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அமுக்கம். பாரம் இழுத்தால்தான் அந்த அமுக்கம் போதியளவு வரும். சும்மா ஓடவிட்டால் ரிங் உட்காராது. ஒயில் கருகிச் சுவரில் கண்ணாடிபோல் படிந்துவிடும்.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. எஞ்சினை இயக்கிய சில விநாடிகளில் ஒயில் அமுக்க முள் எழவேண்டும். எழாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

2. குளிர் என்றாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் ஓடவிட வேண்டாம். ஜேர்மனி, சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளில் தேவையின்றி அப்படி விடுவது சட்டப்படியும் குற்றம். (புதிய காம்சாஃப்ற் போட்ட சில பழைய பெற்றோல் எஞ்சின்களை மட்டும் முதன்முறை சுமார் 20 நிமிடம் 2000 சுற்றில் ஓடவிடுவார்கள். அதைத் திருத்துநரே செய்து தந்தாரா என்று கேளுங்கள்.)

3. சூடேறியபின் நடுத்தரப் பாரத்தோடு ஓடுங்கள். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடவேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகம் கூடாது. மேட்டில் எஞ்சின் திணறும்வரை உயர்ந்த கியரிலேயே இழுக்கவும் கூடாது.

4. திருத்துநர் சொன்ன ஒயிலையே விடுங்கள். ஒயிலையும் ஃபில்ரரையும் முதற்தடவை அவர் சொன்ன தூரத்தில், பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள், மாற்றிவிடுங்கள். புதிய பாகங்கள் தேய்ந்த உலோகத்தூள் அதில் இருக்கும்.

5. ஒவ்வொரு காலையும் ஒயில், தண்ணீர் மட்டம் பாருங்கள். தொடக்கத்தில் ஒயில் கொஞ்சம் குறைவது வழமை. ஓட ஓட அது நின்றுவிட வேண்டும்.

பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் கடிதம் விளங்காவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அருகில் இருத்தி வாசியுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. அந்த லொறியில் ஓடுவது உங்கள் வீட்டு அடுப்பும்தான்.

அடுத்த இதழில் பனிக்காலத்து பற்றரி பற்றிப் பார்ப்போம்.