சீனத்துப் படமும் நம் கடற்கரையும்

அண்மையில் மாணவர் சிலருடன் சாட்டிக் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தோம். பேச்சு கடலட்டைப் பண்ணைகளின்பாற் சென்று, சீனர்பால் வந்து நின்றது. "அவர்கள் எதையும் தின்பவர்கள், சேர், எங்கள் கடலையும் விட்டுவைக்க மாட்டார்கள்" என்றான் ஒருவன். ஏனையோர் நகைத்தனர். நாம் நகைத்திலோம், மறுமொழி கூறவும் உடனே நா எழவில்லை.

தொழிற்களம் குறுகுகின்றது என்று மீனவர் முறையிடுவது அவர்தம் வயிற்றைப் பற்றிய விடயம். அதனை எவரும் எள்ளுதல் தகாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே நிறுத்தப்பட்டபொழுதும் அரசுகளின் பெயர்களே எங்கும் ஒலித்தன. ஆயின் அரசு வேறு, வணிகர் வேறு, மக்கள் வேறு அன்றோ? அம்மக்களை நம் பிள்ளைகள் எங்கே கண்டனர்?

முன்னோர் கண்டிருத்தல் கூடும். சாட்டி இருக்கும் இதே வேலணைத் தீவின் கீழ்க்கோடியிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977 இல் சீனமட்கலங்கள் தற்செயலாக வெளிப்பட்டன. 2018 இல் சாங்காய் நூதனசாலையினர் வந்து இலங்கை அறிஞருடன் அங்கு அகழ்ந்தனர். அவ்வோடுகள் ஏறத்தாழத் தொளாயிரம் ஆண்டுகட்கு முந்தியவை. சொங் வமிசத்துக் காலத்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிற் பொறித்த தமிழ்ச் சாசனமோ, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்கின்றது. யானை, குதிரை கொணரும் மரக்கலம் கெட்டால் நாலிலொன்று பண்டாரத்துக்கு; வாணிபக் கலமாயின் செம்பாதி. (அரசன் தன் பங்கை மறந்தானல்லன்!)

ஓடுகளைக் காட்டி மனிதரை அறிவித்தல் அரிது. அதற்குத் திரைப்படம் உதவும். சீனப் படங்களைக் காட்டி, அவற்றைப் பற்றிப் பேசவும் ஒரு மாலையை நம் பாடசாலைகள் ஒதுக்குமாயின், 'ஒருவரும் குறையலாகாது' எனப் பொருள்படும் பெயருடைய சாங் யிமோவின் 1999 ஆம் ஆண்டுப் படத்தையே நாம் முதலிற் கேட்போம். மலைக்கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர் ஒரு மாதம் விடுப்பிற் செல்கிறார். பதிலுக்கு வருபவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. நாளுக்கு ஒன்றாக இருபத்தாறு வெண்கட்டிகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார் அவர். கூலியாகச் சொல்லப்பட்ட ஐம்பது யுவானிலேயே அவள் நினைவு. மாணவனொருவன் வேலை தேடி நகருக்குப் போய்விடுகிறான். அவனைத் தேடிச் செல்லப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு, அதை ஈட்ட எத்தனை செங்கல் சுமக்கவேண்டும் என்று வகுப்பே கூடிக் கணக்கிடுகிறது. அதுவரை படியாத பிள்ளைகள் அன்றுதான் கணிதம் படிக்கின்றனர். தீவுப் பள்ளிகளிற் கற்பித்த எவரும் அவ்வகுப்பறையை அடையாளம் காண்பர். நடித்தோரும் தொழில்முறை நடிகரல்லர். தொலைக்காட்சியில் அவள் அழுதவுடன் நகரத்தார் வாரி வழங்க எல்லாம் சுபமாக முடிவதுமட்டும் நமக்கு ஒப்பவில்லை.

அவ்வொப்பாமையைச் சொல்வதற்கே பேச்சு வேண்டும். படத்தை ஓட்டிவிட்டுக் கைதட்டிக் கலைவது வேடிக்கை. தூதரகங்கள் தரும் படங்களைமட்டும் காட்டினால் விழாவும் பட்டாடையுமே கண்ணிற்படும். அதே இயக்குநர் 1994 இல் எடுத்த 'வாழ்தல்' என்னும் படம், கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் காட்டியது; சீனத்தில் அதைத் திரையிட அனுமதி கிட்டவில்லை. மேல்வகுப்பாருக்கு அதனையும் காட்டல் வேண்டும். தம் அரசினால் அல்லலுற்ற சீனரைக் கண்டபின் அம்மாணவன் என்ன சொல்வான் என்றறிய ஆவலாயிருக்கிறோம்.

முதற்படம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். பேச்சுக்கும் அவ்வளவு நேரம் வேண்டும். கடைசிப் பேருந்தை எண்ணிப் பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்குதல் நன்று.