சுவருக்கா, தூங்குபவருக்கா?

மே மாத இரவு, மணி இரண்டு. முனிர்காவில் பழைய டி.டி.ஏ. ஃப்ளாட் ஒன்றின் மேல்மாடி. ஏ.சி. 24 டிகிரியில் ஓடுகிறது. அதற்கு நேர் கீழே கட்டிலில் படுத்திருக்கும் மூதாட்டிக்குப் பல் கிட்டுகிறது. மேற்குச் சுவரை ஒட்டிப் படுத்திருக்கும் பேரனுக்கு வியர்க்கிறது. "ஏம்ப்பா, கம்பளி போர்த்திக்கிட்டுப் படுக்கவா ஏ.சி. வாங்கினே?" என்கிறார் ஊரிலிருந்து வந்த அம்மா. மகன் எழுந்து 27 ஆக்குகிறார். அரை மணி கழித்து மருமகள் 23 ஆக்குகிறார். தில்லித் தமிழர் வீடுகளில் கோடைதோறும் நடக்கும் ரிமோட் யுத்தம் இது.

யுத்தத்தில் யார் மீதும் தவறில்லை. தவறு, வெப்பத்தை அளக்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி.யின் சென்சார் அந்தப் பெட்டிக்குள்ளேயே, காற்றை உறிஞ்சும் வாயருகே அமர்ந்திருக்கிறது. தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரம். சூடான காற்று மேலே போகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதோடு பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடி, இரவில் அதை உள்ளே இறக்குகிறது. ஆகவே கட்டில் மட்டத்தில் போதுமான குளிர் வந்த பிறகும், மேலே உள்ள சென்சாருக்கு அறை இன்னும் சூடுதான். ஏ.சி. விடாமல் ஓடுகிறது. தயாரிப்பாளர்கள் ஏதோ ஒரு கணக்குப் போட்டு இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுண்டு. ஆனால் அந்தக் கணக்கு எல்லா அறைக்கும் பொது; மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒன்றே. ஜனவரியில் கதை தலைகீழ். சூடு தரும் ஏ.சி.யில் வெப்பம் மேலேயே தங்கிவிட, வேலை முடிந்ததென்று இயந்திரம் ஓய்ந்துவிடும். கீழே கால் விறைத்துப் போயிருக்கும்.

அளக்கும் கருவி சறுக்கினால் என்ன ஆகும் என்பதைத் தில்லி ஒருமுறை ஊரறியப் பார்த்தது. 2024 மே 29 அன்று வடமேற்குத் தில்லியின் முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. நாடே அதிர்ந்தது. அதே நாளில் சப்தர்ஜங்கில் பதிவானது 46.8 டிகிரி. இந்திய வானிலைத் துறை ஆய்வுக் குழுவை அனுப்பியது. முங்கேஷ்பூர் சென்சார் தரமான கருவியைவிட 3 டிகிரி அதிகமாகக் காட்டியது என்று தெரியவந்தது. வானிலைத் துறை தன் வெப்பமானிகளை வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் ஆளுயரத்துக்குக் கீழே வைப்பதும் காரணத்தோடுதான். கருவியும் சரியாக இருக்க வேண்டும், அது இருக்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். படுக்கையறைக்கும் இதே விதிதான்.

வெப்பத்தை மனிதர்கள் இருக்கும் இடத்தில் அளந்து, இயந்திரம் இருக்கும் இடத்துக்குச் சொல்லி அனுப்பும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிப் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். குளிர்காலத்தில் பள்ளிக் காவலாளி வகுப்பு வகுப்பாக வந்து சூட்டைப் பார்த்துவிட்டு, அடித்தளத்துக்குப் போய் உலையைக் கூட்டிக் குறைப்பார். பாடம் நடுவில் நின்றுபோகும். ஜான்சன் ஒரு மின்கருவி செய்தார். அறையின் சூடு மாறியதும் உலைக்காரருக்கு மணி அடிக்கும். 1883ல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் வேர் அது.

அந்த மணிதான் இப்போது 'ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்' ஆகி வந்திருக்கிறது. டொரான்டோவின் ஈகோபீ நிறுவனம் 2014ல் ஒரு தெர்மோஸ்டாட்டோடு அறைக்கு அறை வைக்கும் சிறு சென்சார்களையும் விற்றது. கூகுளின் நெஸ்ட் 2018ல் தன் சென்சாரைக் கொண்டுவந்தது. ஈகோபீ பல சென்சார்களின் அளவைச் சேர்த்துச் சராசரி பார்க்கும். நெஸ்டின் அந்தச் சென்சாரிலோ காலை, மாலை, இரவு என்று வேளைக்கு ஓர் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சராசரிக்கு ஓர் ஆபத்து உண்டு. ஹாலில் 30, படுக்கையறையில் 24 என்றால் சராசரி 27. அந்த 27ல் வசிப்பவர் யாருமில்லை.

நியூஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் இப்படியொரு கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால் முனிர்காவில் அது சுவர் அலங்காரம்தான். அது வீடு முழுவதற்கும் குழாய் வழியே காற்று அனுப்பும் மத்திய அமைப்புக்காகச் செய்யப்பட்டது. 24 வோல்ட் கட்டுப்பாட்டுக் கம்பிகளை எதிர்பார்க்கும். நம் அறை ஏ.சி.க்கு அந்தக் கம்பிகளே கிடையாது. ஈகோபீ சென்சார்கள் பேசும் 915 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த ஒதுக்கப்பட்ட 865-868 மெகாஹெர்ட்ஸுக்கு வெளியே இருக்கிறது.

அப்படியானால் முனிர்காவாசி என்ன வாங்குவது? முதலில், எதுவும் வாங்காமல் கையிலுள்ள ரிமோட்டைப் பார்ப்பது நல்லது. பல ஏ.சி.களில் 'ஐ ஃபீல்' அல்லது 'ஃபாலோ மீ' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ரிமோட்டுக்குள் உள்ள சென்சார் வேலை செய்யத் தொடங்கும். தான் இருக்கும் இடத்தின் சூட்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏ.சி.க்குச் சொல்லும். ஆனால் ரிமோட் ஏ.சி.யின் பார்வையில் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்தால் அது தலையின் சூட்டை அளக்கும், சேதியும் போய்ச் சேராது. ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தால் ஏ.சி. பேய் பிடித்தது போல ஓடும். கட்டிலருகே மேஜை மேல், நேரடிக் காற்று படாமல் வைப்பதே முறை.

அந்தப் பொத்தான் இல்லாதவர்களுக்கு வைஃபை கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கதிரால் ஏ.சி.க்கு ஆணையிடும் சிறு பெட்டிகள் இவை. இங்கேதான் கவனம் தேவை. பல பெட்டிகளில் சென்சார் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டியோ ஏ.சி.க்கு எதிரே, பிளக் பாயின்ட் அருகே இருந்தாக வேண்டும். அது ஃபிரிட்ஜுக்குப் பக்கமாகவோ டி.வி.க்குப் பின்னாலோ அமைந்துவிட்டால் பழைய வியாதி புதிய உடம்பில். தனியே எடுத்து வைக்கக்கூடிய சென்சார் உண்டா என்பதே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்த கேள்விகள்: வீட்டிலுள்ள ஏ.சி. மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா? வைஃபை நின்றுபோனால் சாதாரண ரிமோட்டே போதுமா? கரண்ட் போய் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருமா? சென்சாரின் பேட்டரி முனிர்கா கடைத்தெருவில் கிடைக்குமா? ஈரப்பதத்தையும் அளக்குமா? கடைசிக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. மே மாத வறட்சியில் 28 டிகிரி தாங்கும். ஆகஸ்ட் புழுக்கத்தில் அதே 28 மூச்சு முட்டும்.

இன்னொரு நுணுக்கம். சில கன்ட்ரோலர்கள் ஏ.சி.யை அணைத்து அணைத்துப் போடும். 26க்கு மேல் போனால் போடு, 25.5 ஆனால் அணை என்று கட்டளையிட்டால் கம்ப்ரெசர் படாத பாடு படும். இரண்டு டிகிரியாவது இடைவெளி விடுவது நல்லது. இன்வெர்டர் ஏ.சி. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்தது. அதற்கு அளவைச் சொன்னால் போதும், அணைக்க வேண்டியதில்லை.

பணமும் இதில் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏ.சி.கள் 24 டிகிரி இயல்பு நிலையோடு வர வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. ஆனால் 24 என்று வைத்தும் கட்டிலில் 22 என்றால் அந்த இரண்டு டிகிரிக்கும் காசு கொடுத்துக் கம்பளியும் போர்த்திக்கொள்கிறது குடும்பம்.

பணத்தைவிடப் பெரிது ஒன்றுண்டு. 2024 ஜூன் 19 அதிகாலையில் சப்தர்ஜங்கின் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. அப்படிப்பட்ட இரவுகளில் முதியவர்களின் உடல் சூட்டைத் தாமதமாக உணர்கிறது. வியர்ப்பதும் தாகமெடுப்பதும் குறைவு. "எனக்கு ஒண்ணுமில்லே" என்று பாட்டி சொல்வதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அவர் கட்டிலருகே உள்ள எண் உண்மையைச் சொல்லும்.

ஆனால் சென்சார் குளிரைச் சுமந்து போகாது. ஹாலில் படுப்பவரின் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் படுக்கையறை ஏ.சி.யை ஓடவிட்டால், ஹால் குளிராது, படுக்கையறை உறைந்துவிடும். ஏ.சி. இருக்கும் அறைக்குத்தான் சென்சார். மற்ற அறைக்கு மின்விசிறியும் திறந்த கதவும்தான்.

ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கலாம். மூன்று இரவுகள் பாட்டியின் தலைமாட்டிலும், அடுத்த மூன்று இரவுகள் பேரனின் பக்கத்திலும் வைத்துப் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளலாம். ரிமோட் காட்டும் எண்ணோடு ஒத்துப்போனால் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. பாட்டிக்கு 22, பேரனுக்கு 26 என்று வந்தால், எந்த ஸ்மார்ட் கருவிக்கும் முன்னால் செய்ய வேண்டியது கட்டில்களை இடம் மாற்றுவது. அதற்கு வைஃபை தேவையில்லை.