கத்தியா, காத்திருப்பதா?

நம்மிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் சென்ற வாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். இருபத்திரண்டு வயது வாலிபன். சடுகுடு ஆட்டத்தில் ஓடியபடியே சட்டென்று திரும்பினானாம், முழங்காலுக்குள் ‘படக்’கென்று ஒரு சப்தம், சிறிது நேரத்தில் மூட்டு வீங்கிவிட்டது. ஜவ்வு அறுந்துவிட்டது என்று டாக்டர் கூறினாராம். தகப்பனார், நகையை அடகு வைத்தாவது உடனே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்கிறார். பாட்டியோ, உடம்பில் கத்தி படவே கூடாது என்கிறாள். “ஸார், நான் யார் பேச்சைக் கேட்பது?” என்றான். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் வைத்திய ஆராய்ச்சிகள் கூறுவதைப் படித்துச் சொல்ல நம்மால் இயலும்.

முழங்காலைப் பிணைத்து நிற்கும் முக்கிய நார்கள் நான்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டுக்குள்ளே பெருக்கல் குறி போல் இரண்டு. உட்பக்கத்து நார் அறுந்தால், பெரும்பாலும் கட்டினாலும் பயிற்சியினாலுமே கூடிவிடும். உள்ளே இருக்கும் முன் குறுக்கு நார் அவ்வளவு எளிதில் கூடுவதில்லை. வழக்கெல்லாம் இதைப் பற்றியதே.

1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்ஸன் என்னும் ரண வைத்தியர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்கு நார்களைத் தைத்துச் சேர்த்தார். இக்காலத்தில் பெரும்பாலும் தைப்பதில்லை. நோயாளியின் தொடையிலிருந்தோ முழங்கால் சில்லின் அடியிலிருந்தோ வேறொரு நாரை எடுத்துப் புதிதாய்ப் பொருத்துகிறார்கள்.

இது எல்லோருக்கும் அவசியந்தானா? ஸ்வீடன் தேசத்தில் புதிதாய்க் காயம்பட்ட 121 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷன், பிறகு பயிற்சி. மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி. தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். இரண்டு வருஷம் கழித்து இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சிப் பிரிவின் 59 பேரில் ஐந்து வருஷத்துக்குள் 30 பேர் ஆபரேஷன் செய்துகொண்டனர். மற்றவர்களுக்கு அது தேவைப்படவேயில்லை. ஹாலந்தில் 167 பேரை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்ட முடிவிலும் பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் கத்தியின்றியே தப்பினார்கள். உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் நிலை சற்றே மேலாயிருந்தது.

இத்துடன் பாட்டி வென்றுவிட்டாள் என்று எண்ண வேண்டாம். காயம் பழையதாகியும் கால் நிலைகொள்ளாமல் மடங்கிக்கொண்டிருந்த 316 பேரைப் பிரிட்டனில் ஆராய்ந்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சியைவிட ஆபரேஷனே அதிக நன்மை தந்தது.

இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. புதுக் காயமானால் பெரும்பாலும் பயிற்சிக்கு முதலிடம் கொடுத்துப் பார்க்கலாம். பயிற்சிக்குப் பின்னும் கால் மடங்குமானால் தயங்கலாகாது. அவ்வாறு மடங்கும் ஒவ்வொரு தடவையும் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழியக்கூடும். மூட்டு நீட்ட முடியாதபடி பூட்டிக்கொண்டாலோ, பல நார்கள் ஒருங்கே அறுந்திருந்தாலோ, காத்திருப்பதே தவறாகலாம். அதை நிர்ணயிக்க வேண்டியவர் பரிசோதித்த டாக்டர்தான்.

நம் வீடுகளில் ‘பயிற்சி’ என்றால், தைலம் தடவிக் கட்டிலில் கிடப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும் பிழை. தொடைத் தசைகளுக்குப் பலம் சேர்த்து, ஒற்றைக் காலில் நின்று, படியேறி இறங்கி, தேர்ந்தவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய சாதகம் அது. ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கும் அதிலிருந்து விடுதலை இல்லை. ஒன்பது மாதங்களாவது கழியாமல் ஆடுகளத்துக்குத் திரும்புவது ஆபத்து.

ஆகவே நாம் அவனிடம் சொன்னது இதுதான்: “தம்பி, ‘மூட்டு பூட்டிக்கொள்கிறதா? வேறு ஏதேனும் கிழிந்திருக்கிறதா? சில மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா?’ இம்மூன்றையும் டாக்டரிடம் கேள். அவர் சம்மதித்தால் நாள் தவறாமல் பயிற்சி செய். அப்புறமும் கால் மடங்கினால், அப்பா சொல்லுகிறபடி ஆபரேஷன் செய்துகொள்.”

“பாட்டியிடம் என்ன சொல்லட்டும், ஸார்?” என்றான்.

“கத்தி இப்போதைக்கு உறையில் இருக்கிறது என்று சொல். ஆனால் கட்டிலில் படுக்கச் சொன்னால் மட்டும் கேட்காதே” என்று சொல்லி அனுப்பினோம்.