விதை கொடுப்பவர்கள் வடையும் சொல்லித்தரட்டும்

அமெரிக்காவில் ஆகஸ்ட் 8ஆம் தேதிக்கு வேடிக்கையான ஒரு பெயர் உண்டு. பக்கத்து வீட்டு வாசலில் யாருக்கும் தெரியாமல் சுக்கினிக் காயை வைத்துவிட்டு வரும் நாள் அது. அரசு அறிவித்ததல்ல, பென்சில்வேனியாவைச் சேர்ந்த தாமஸ் ராய் என்பவர் தொடங்கிவைக்க, தோட்டக்காரர்கள் விரும்பி ஏற்றுக்கொண்ட நாள். பெயர் சிரிக்க வைத்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் திண்டாட்டம் உண்மையானது. கோடையில் வீட்டுக்குப் பின்புறம் நாலைந்து சுக்கினிச் செடி வைத்த குடும்பம், ஆகஸ்ட் பிறப்பதற்குள் காயைத் தின்று தீர்க்க முடியாமல் தவிக்கிறது. உறவினர்களுக்குக் கொடுத்து, அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் கொடுத்து, அதற்கும் மிஞ்சியது எருக்குழிக்குப் போகிறது.

காயை வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர விதை நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் என்று எத்தனையோ இருக்கின்றன. அந்தக் காய் ஒரே வாரத்தில் கூடை கூடையாக விளைந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதை அதே அக்கறையோடு சொல்லித்தர ஆளில்லை. தோட்டக் கல்வியில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். அதை அடைக்க வேண்டும். எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், துருவிய சுக்கினியில் சுடும் வடையிலிருந்து தொடங்கலாம்.

சுக்கினி பூசணி இனத்துச் செடி. அதன் முன்னோடியான பூசணியை மெக்சிகோ மக்கள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டார்கள் என்பதற்கு வாஹாக்கா மாநிலத்தின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள் சான்று. கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு அது கடல் கடந்து ஐரோப்பா போனது. இத்தாலியின் வடபகுதித் தோட்டக்காரர்களின் கையில், பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் நீண்ட பச்சைக் காயாக உருவெடுத்தது. இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியக் குடியேறிகளோடு மறுபடியும் அமெரிக்க மண்ணுக்குத் திரும்பியது.

விதை போட்டு 50, 60 நாட்களில் காய்ப்பு தொடங்கிவிடும். பூ மலர்ந்து ஒரு வாரத்துக்குள் காய் ஒரு சாண் நீளத்தை எட்டும். அதுதான் பறிக்க வேண்டிய பருவம். அகன்ற இலைக்கு அடியில் கண்ணில் படாமல் சில நாள் தப்பிவிட்டால் காய் முழங்கை நீளத்துக்குப் பருத்து, தோல் தடித்து, விதை முற்றிவிடும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் செடி தன் சத்தையெல்லாம் அந்த விதைகளுக்கு அனுப்பி, புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பறித்தே ஆக வேண்டும். பறிக்கப் பறிக்க மேலும் காய்க்கும். மிகுதியாக விளைவது இந்தச் செடியின் இயல்பு. அதைச் சமாளிக்கும் அறிவு தோட்டத்தில் முடிவதில்லை. அடுப்படி வரை நீள வேண்டும்.

அடுப்படித் திறமை சின்ன விஷயமல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது என்று கணக்கிடுகிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. வாங்கிய பொருளுக்கே இந்தக் கதி என்றால், காசு கொடுக்காமல் கொல்லையில் குவியும் காயை யார் பொருட்படுத்துவார்கள்?

மிஞ்சிய சுக்கினிக்கு அமெரிக்க வீடுகள் கண்ட முதல் வழி, அதை ஒளித்துவைப்பது. சுக்கினி ரொட்டி அங்கே மிகப் பிரபலம். பெயர்தான் ரொட்டி, பட்டைத்தூள் மணக்கும் இனிப்பான கேக் அது. வழக்கமான செய்முறையில் இரண்டு கப் துருவலுக்கு மூன்று கப் மைதாவும் இரண்டு கப் சர்க்கரையும் ஒரு கப் எண்ணெயும் சேரும். சாக்லேட் கேக்கிலும் துருவலைப் போடுவார்கள். கேக் ஈரப்பதத்தோடு மெத்தென்று வரும் என்பது உண்மைதான். ஆனால், சாப்பிடுகிறவர்களுக்குக் காயின் ருசியே தெரியாது. ஒரு கூடை காயைத் தீர்க்க எத்தனை கிலோ சர்க்கரையை உள்ளே தள்ளுவது? இதைத் தீர்வு என்று சொல்ல முடியாது.

மேரிலாந்து மாநிலம் கண்ட வழி இதைவிட நல்லது. சீசபீக் விரிகுடாவின் நீல நண்டும், அந்த நண்டுச் சதையில் செய்யும் கிராப் கேக் என்ற வடையும் அந்த மாநிலத்தின் அடையாளங்கள். நண்டு விலை உயர்ந்த பொருள். கோடைச் சுக்கினியோ காசில்லாமல் கிடைப்பது. துருவிய சுக்கினியோடு ரொட்டித்தூள், முட்டை, வெங்காயம் சேர்த்து, நண்டுக்குப் போடும் ஓல்ட் பே மசாலாவையே தூவிச் சுட்டு, வீட்டுச் சமையல்காரர்கள் நண்டில்லாத ஒரு நண்டு வடையை உண்டாக்கினார்கள்.

அந்த மசாலாவுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதை உருவாக்கிய குஸ்தாவ் புருன் ஜெர்மானிய யூதர், மசாலா வியாபாரி. 1938 நவம்பரில் யூதர்கள்மீது நாஜிகள் நடத்திய வெறியாட்டத்தின்போது புகென்வால்டு முகாமில் அடைக்கப்பட்டு, விடுதலையாகிக் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பினார். 1939இல் பால்டிமோரில் சொந்தக் கடை தொடங்கினார். செலரி உப்பு, கடுகு, மிளகு, மிளகாய் எல்லாம் கலந்த அவருடைய தூள், அந்த ஊர் நண்டுக் கடைகளின் நிரந்தர வாசனையாகிவிட்டது. அகதியாக வந்த ஒருவரின் மசாலாவும், இத்தாலியக் குடியேறிகள் கொண்டுவந்த காயும் ஒரே வடையில் சேர்ந்திருப்பது அழகான சேர்க்கை. அதை மனமாரப் பாராட்டலாம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நண்டை நினைவூட்ட வேண்டும் என்ற ஒரே நோக்கம், காயை வெறும் நிரப்புப் பொருளாக ஆக்கிவிடுகிறது. ரொட்டித்தூள் கூடுகிறது, மசாலா ஓங்குகிறது. சாப்பிடுகிறவரும் சுக்கினி எப்படி இருந்தது என்று கேட்பதில்லை, நண்டு மாதிரி இருந்ததா என்றுதான் கேட்கிறார். காயைக் காயாகவே சமைத்து ருசியாக்க முடியாதா?

முடியும். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகள் அதைப் பல தலைமுறைகளாகச் செய்துவருகின்றன. துருக்கியில் சுக்கினி வடைக்கு முஜ்வேர் என்று பெயர். அங்கே சுக்கினியைக் குடைந்து உள்ளே அரிசியும் கறியும் அடைத்து வேகவைக்கும் டோல்மா வீட்டுக்கு வீடு உண்டு. குடைந்தெடுத்த சதையை எறிந்துவிடாமல், வெங்காயத்தாள், சதகுப்பைக் கீரை, வெள்ளைப் பாலாடைக்கட்டி, முட்டை, கொஞ்சம் மாவு சேர்த்து முஜ்வேராகச் சுடுவார்கள். பூண்டு நசுக்கிப் போட்ட தயிர் தொட்டுக்கொள்ள. மிச்சத்திலிருந்து தனிப் பண்டம் உண்டாவது இப்படித்தான்.

கிரேக்கத்தில் இதன் பெயர் கொலோகித்தோகெஃப்தேதெஸ். புதினாவும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் அங்கே கட்டாயம். ஆனால், கிரேக்க மரபுவழித் திருச்சபையைப் பின்பற்றுகிறவர்கள் ஆகஸ்ட் 1 முதல் 14 வரை, மரியன்னையின் திருநாளுக்கு முன்பாக நோன்பு இருப்பார்கள். கறி, முட்டை, பால் பொருள் எதுவும் கூடாது. சுக்கினி அள்ளிக் காய்க்கும் அதே இரண்டு வாரம் அது. அப்போது முட்டையும் பாலாடைக்கட்டியும் இல்லாமல், துருவலும் வெங்காயமும் கீரையும் மாவும் மட்டும் சேர்ந்த வடை மேசைக்கு வரும். யாரும் அதைக் கறிக்குப் பதிலாக வந்ததென்று குறைத்துப் பேசுவதில்லை. பருவமும் நோன்பும் சேர்ந்து அதற்குத் தனி மரியாதை கொடுத்திருக்கின்றன.

இந்த மரபுகளிலிருந்து கற்க வேண்டிய முதல் பாடம் தண்ணீரைப் பற்றியது. சுக்கினியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். இதே கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் தக்காளியிலும் வடை சுடுகிறார்கள். மழை குறைந்த எரிமலை மண்ணில், பாசனமே இல்லாமல் விளையும் சின்னத் தக்காளி அது. நீர் குறைவு, ருசி அடர்த்தி. சுக்கினிக்கு அந்தப் பேறு இல்லை. சமைப்பவர்தான் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். துருவலில் உப்புப் பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால், உப்பு காயின் உள்ளிருந்து நீரை வெளியே இழுத்துவிடும். பிறகு சுத்தமான வேட்டித் துணியில் கட்டி, முறுக்கிப் பிழிய வேண்டும். ஒரு கிலோ காயைப் பிழிந்தால் ஒரு டம்ளருக்குக் குறையாமல் சாறு வரும். அந்தச் சாற்றைக் கொட்ட வேண்டாம். உப்பைக் கணக்கில் வைத்து ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ சேர்க்கலாம்.

பெரும்பாலான வடைகள் கெடுவது இங்கேதான். பிழியச் சோம்பல்பட்டவர்கள், கலவை தளர்ந்ததும் மாவை அள்ளிப் போடுகிறார்கள். மாவு போட்டதும் துருவல் இன்னும் நீர் விடுகிறது, மறுபடி மாவு. முடிவில் வாயில் ஒட்டும் மாவு அடைதான் மிஞ்சும். அரைக் கிலோ சுக்கினிக்கு, நன்றாகப் பிழிந்திருந்தால், ஒரு முட்டையும் மூன்று நாலு மேசைக்கரண்டி மாவும் போதும். முட்டை சேர்க்காதவர்கள் கடலை மாவைச் சற்றுக் கூட்டி, மொறுமொறுப்புக்கு ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் வடை உதிராது. உப்பு முன்பே ஏறியிருப்பதால் கலவையில் மறுபடி போடும்முன் ருசி பார்ப்பது நல்லது. கலந்த உடனே சுட வேண்டும். வைத்திருந்தால் மறுபடி நீர் விடும்.

சுடுவதிலும் அதே தண்ணீர்க் கணக்குதான். வடையின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பம் நீரின் கொதிநிலையான 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் மணமும் உண்டாக 140 டிகிரியாவது வேண்டும். எண்ணெயை 175, 180 டிகிரிக்குச் சூடாக்கிப் போட்டால், ஈரம் ஆவியாக வெளியேறி மேலே மொறுமொறுப்பான தோல் பிடிக்கும். ஒரே நேரத்தில் சட்டி நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, வடை வெளுத்து, எண்ணெய் குடிக்கும். முழுக்க மூழ்கும் எண்ணெயும் தேவையில்லை. தட்டையாகத் தட்டி, அரை விரல் ஆழ எண்ணெயில் இருபுறமும் திருப்பிவிட்டாலே போதும்.

வீட்டுத் தோட்டக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. பூசணிக் குடும்பத்துக் காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. கடை விதைகளில் அது ஏறக்குறைய இல்லாதபடி தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். வீட்டில் எடுத்துவைத்த விதை, அலங்காரப் பூசணியின் மகரந்தத்தோடு கலந்து உண்டானதாக இருந்தால் கசப்பு திரும்பிவிடும். 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். வேகவைத்தாலும் பொரித்தாலும் இந்த நஞ்சு அழியாது. துருவும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிய வேண்டும். நம் ஊர்ச் சுரைக்காய்க்கும் இது பொருந்தும். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழுவும் அறிவுறுத்தியிருக்கிறது.

சுரைக்காய் என்றதும் விஷயம் நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. நீலகிரியில் விளையும் சுக்கினி இன்று நகரத்துக் கடைகளில் கிடைத்தாலும், நம் மாடித் தோட்டங்களில் அள்ளிக் காய்ப்பவை சுரையும் பீர்க்கும் பூசணியும்தான். எல்லாம் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் தண்ணீர்தான் பெரும்பகுதி. வடஇந்தியாவில் சுரைக்காயைத் துருவிப் பிழிந்து கடலை மாவு சேர்த்துக் கோஃப்தா செய்கிறார்கள். நம்மிடமும் சுரைக்காய் வடை உண்டு. ஆனாலும் பல வீடுகளில் சுரைக்காய் என்றால் கூட்டு, அதைவிட்டால் சாம்பார். மூன்றாம் நாள் யாரும் தொடுவதில்லை. நாலாம் நாள் காய் குப்பைக்குப் போகிறது. ஐந்தாம் நாள் செடியின்மீதே சலிப்பு வந்துவிடுகிறது.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, மாடித் தோட்டம் போட விரும்புகிறவர்களுக்கு வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் தருகிறது. நல்ல திட்டம். அந்தத் தொகுப்பில் ஒரு தாளையும் சேர்க்க வேண்டும். காயை எந்த அளவில் பறிப்பது, கசப்பை எப்படிச் சோதிப்பது, உப்பிட்டு எப்படிப் பிழிவது, எவ்வளவு மாவு போதும் என்று நாலு குறிப்புகள், கூடவே சுரைக்கும் பீர்க்குக்கும் பூசணிக்கும் தலா ஒரு வடைச் செய்முறை. விதை விற்கும் தனியார் நிறுவனங்களும் பாக்கெட்டின் பின்பக்கத்தில் நடவு இடைவெளியை அச்சிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதையும் அச்சிடலாம். பள்ளித் தோட்டம் நடத்தும் ஆசிரியர்கள் அறுவடை நாளன்று பிள்ளைகளைத் துருவவும் பிழியவும் விட்டு, சுடுவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பருவத்துக்கான தொகுப்பிலேயே இதைத் தொடங்க முடியும். ஆகும் கூடுதல் செலவு ஒரு தாளை அச்சிடும் செலவுதான்.