பிரேக் கட்டையும் ஒரு பழைய கோப்பும்

போன மாதம், எழுபத்து நான்கு வயதில், வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து எங்கள் காரின் முன்சக்கர பிரேக் பேடுகளை மாற்றினேன். வாழ்க்கையில் முதல் தடவை. தெருவே வேடிக்கை பார்த்தது. "என்ன சார், இந்த மாசம் பென்ஷன் வரலையா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.

காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இல்லை இது. ஏன் செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தன் வண்டியின் பிரேக் பேடைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

மாசி மாதம் எட்டயபுரத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு விளாத்திகுளம் திரும்பிக்கொண்டிருந்தோம். நம் பக்கத்தில் அந்த மாதம் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் தார் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். அன்றைக்கு உளுந்துச் செடி. அதன் மேல் சக்கரம் ஏறின நேரம் பார்த்து வலது பக்கத்து ஓடையிலிருந்து செம்மறிக் கூட்டம் மேலே ஏறி வந்தது. மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. கடைசி ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். ஆட்டுக்குப் பின்னால் ஒரு பத்து வயதுப் பையன் கம்போடு நின்றிருந்தான். அவன் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

வீடு வரும் வரை என் மனைவி பேசவில்லை. வாசலில் இறங்கும்போது, "ஒரு மாசமா கீச்சு கீச்சுன்னு சத்தம் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனேங்க" என்றாள். சொன்னாள்தான். கரிசல் புழுதி, காற்றடித்தால் வராத சத்தமா என்று நான்தான் தட்டிக்கழித்தேன். பல பேடுகளின் ஓரத்தில் ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். பேடு தேய்ந்து முடியும் தறுவாயில் அது சுழலும் வட்டில் உரசிக் கீச்சிடும். மாற்றச் சொல்லி வண்டியே கூப்பிடுகிற சத்தம் அது. அந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது.

உள்ளே போய் பழைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்புதான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் விட்டிருந்தேன். இருபது இனங்கள் அச்சடித்த தாளில் 'பிரேக்' என்ற இடத்தில் நீல மையில் ஒரு டிக். கீழே என் கையெழுத்து. வந்த கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அந்த டிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் நானும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஊரும் துறையும் வேண்டாம். அங்கே ஒரு ஜீப். ஓட்டுநர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். 'பிரேக் பிடிப்பு குறைவு, லைனிங் மாற்ற வேண்டும்' என்று லாக் புக்கில் எழுதி வைத்தார். கோப்பு என் மேசைக்கு வந்தது. 'மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை' என்று எழுதித் திருப்பினேன். விலைப்புள்ளிகளோடு மறுபடி வந்தது. 'முந்தைய பழுதுச் செலவின் விவரம் காண்க' என்று மறுபடி திருப்பினேன். விதிப்படி இரண்டும் சரி. அரசுப் பணம் போகிற இடத்தில் விதி இருக்கத்தான் வேண்டும், அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஜீப் என் ஜன்னலுக்கு வெளியே, இருபது எட்டில், வேப்பமரத்தடியில் நின்றது. எழுந்து போய் ஒரு தடவை மிதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கோப்பைப் பார்ப்பதுதான் வேலை என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில், ஒரு பாலத்துச் சரிவில், ஜீப் நிற்காமல் பள்ளத்தில் இறங்கியது. நல்லவேளை, வண்டியில் அவர் மட்டும்தான். கால் எலும்பு முறிந்தது. விசாரணை வந்தபோது என் குறிப்புகள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. சில மாதம் கழித்து லேசாக நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர், "நீங்க என்ன செய்வீங்க தம்பி, சட்டம் அப்படி இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த ரசீதின் டிக்கைப் பார்த்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. இந்த முறையாவது கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார், லாரி ஒர்க்‌ஷாப்பில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். "நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன். கை வைக்கிறது நீங்கதான். சம்மதமா?" என்றார். கோவில்பட்டிக்குப் போய் எங்கள் வண்டி மாடலைச் சொல்லி ஒரு செட் பேடு வாங்கி வந்தேன்.

சமதளமான இடம், கை பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட வேண்டும், தூக்கிய பிறகு தம் பிடித்தால் வண்டி ஆடும். ஜாக்கியில் தூக்கியதும் அண்ணாச்சி ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போடச் சொன்னார். "ஜாக்கிய நம்பி அடியில கை விடாதீங்க சார். அது வண்டியத் தூக்கத்தான், தாங்குறதுக்கு இல்ல."

சக்கரத்தைக் கழற்றியதும் பளபளவென்று ஒரு வட்டு. அதைக் கவ்விக்கொண்டிருக்கிற இரும்புதான் கேலிப்பர். கீழ் போல்ட்டைக் கழற்றி, கேலிப்பரை மேலே மடக்கி, கயிற்றால் கட்டினோம். ஆயில் வருகிற ரப்பர் குழாயில் அதன் கனம் தொங்கக் கூடாதாம். உள்ளே வட்டின் இரு புறமும் இரண்டு பேடுகள், ஒவ்வொன்றும் நம் சைக்கிள் பிரேக் கட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான். சுமையோடு சேர்த்து ஆயிரம் கிலோ வண்டி. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குத் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அதில் பெரும்பங்கை இந்த முன்சக்கரக் கட்டைகள்தான் சூடாக்கிக் கரைக்கின்றன.

வெளிப்பக்கத்துப் பேடில் நான்கு மில்லிமீட்டர் கட்டை மிச்சம் இருந்தது. உள்பக்கத்துப் பேடைக் கையில் எடுத்தபோது எனக்குக் குளிர்விட்டுப் போயிற்று. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, தகடு தெரிகிற நிலை. கேலிப்பர் முன்னும் பின்னும் நகர வேண்டிய ஊசிகளில் பழைய கிரீஸ் புழுதியோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. அதனால் உள்பக்கம் மட்டும் ஓயாமல் தேய்ந்திருக்கிறது. அண்ணாச்சி சொன்னார்: "சக்கரத்து ஓட்டை வழியா எட்டிப் பாத்தா வெளிப்பேடுதான் தெரியும். பாத்த பையன் பொய் சொல்லிருக்க மாட்டான் சார். கழத்திப் பாக்கல, அவ்வளவுதான்."

அந்தப் பையன் மேல் இருந்த மிச்சக் கோபமும் போய்விட்டது. எனக்குக் கோப்பு என்றால் அவனுக்கு அந்த ஓட்டை.

தூசியை ஊதப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது, அது நுரையீரலைக் கெடுக்கிற சரக்கு. இப்போது எந்தத் தூசியானாலும் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் பிரேக்குக்கு 'ஃப்ரேன்' என்று பெயர். அதன் பழைய பொருள் குதிரையின் கடிவாளம். கேலிப்பருக்கு 'எத்ரியே', அதாவது குதிரை ஏறுகிறவன் கால் வைக்கிற அங்கவடி. வட்டு பிரேக்குக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டரும் டிரம் பிரேக்குக்குப் பிரான்சில் லூயி ரெனோவும் காப்புரிமை வாங்கியது ஒரே வருஷம், 1902. வண்டி மாறினாலும் பிரெஞ்சுக்காரர்கள் குதிரையை விடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான் பிரேக் ஆயிலின் விதியும்: மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். இதை நான் பிரெஞ்சில் மனப்பாடமாகச் சொல்லிப் பாராட்டு வாங்கியவன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்தப் பக்கம் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறுவதைப் பார்த்தபோதுதான், அறுபது வருஷம் கழித்து, அது எனக்குப் புரிந்தது.

ஊசிகளைத் துடைத்து அதற்குரிய கிரீஸ் போட்டு, புதுப் பேடுகளைப் பொருத்தி, அடுத்த பக்கமும் அதே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நண்பகல் ஆகிவிட்டது. முழங்கால் சொன்ன கதையைத் தனியாக எழுதலாம்.

வேலை முடிந்த சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பப் போனேன். "சார், சாவிய எடுங்க! மொதல்ல மிதிங்க" என்று கத்தினார் அண்ணாச்சி. மிதித்தேன். பெடல் ஒரு தடையும் இல்லாமல் தரையோடு போய் ஒட்டியது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. உள்ளே தள்ளிய பிஸ்டன் மறுபடி வெளியே வந்து பேடைத் தொடும் வரை பிரேக் என்று ஒன்று கிடையாது. நான்கைந்து முறை மிதித்த பிறகு பெடல் மெல்ல இறுகி மேலே நின்றது. அவர் இல்லாமல் நான் வண்டியை எடுத்திருந்தால், எங்கள் தெருமுனையில் பால்வாடி. அதற்கு மேல் நினைக்க எனக்குத் தெம்பில்லை.

இதனால்தான் சொல்கிறேன், பேட்டரி மாற்றுவது போலவோ வைப்பர் மாற்றுவது போலவோ இல்லை இது. செல்போனில் படம் பார்த்துவிட்டுத் தனியே இறங்குகிற வேலை இல்லவே இல்லை. வைப்பரில் தப்பு செய்தால் நான் நனைவேன். பிரேக்கில் தப்பு செய்தால் விலை கொடுக்கிறவன் ரோட்டில் கம்போடு நிற்கிற பையன்.

"அப்படியானால் மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டியதுதானே" என்பீர்கள். விடுங்கள். அவர் பிழைப்பில் நான் மண் போட வரவில்லை, அடுத்த தடவை நானும் அவரிடம்தான் போவேன். ஆனால் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்பேடையும் பார்ப்பேன். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றச் சொல்வேன். பழைய பேடுகளைக் கையில் வாங்குவேன். அதன் பிறகுதான் கையெழுத்து. ஒரு தடவை தன் கையால் செய்து பார்த்தவனுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தேய்ந்த அந்த உள்பேடு இப்போது என் எழுதும் மேசையில் காகிதத்துக்குப் பாரமாக இருக்கிறது. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, குப்பையை ஏன் வீட்டுக்குள் வைக்கிறீர்கள் என்கிறாள். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ஓட்டுநர் அண்ணன் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவரிடம் காட்ட முடியாது.