மீனின் வயிற்றைக் கீறியவன்

பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்ற வசனத்தைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு வருடத்துக்காவது தடைசெய்ய வேண்டும் என்பது என் கட்சி. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்ததைப் பற்றி எழுதினாலும் அந்த மீன் வருகிறது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் இலங்கை என்று எழுதினாலும் வருகிறது. 2022இல் கடனைக் கட்ட வழியில்லை என்று நாடு கையை விரித்தபோது கட்டுரைக்குக் கட்டுரை வந்தது. எழுதுகிறவருக்கு அது பெரிய வசதி. கடலில் அப்படித்தான், உலகத்திலும் அப்படித்தான் என்று முடித்துவிடலாம். யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவேண்டிய தேவை இல்லை.

நான் பெரியநீலாவணைக்காரன். அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் வடக்கே எங்கள் ஊரோடு முடிகிறது, தாண்டினால் கல்லாறு, அது மட்டக்களப்பு மாவட்டம். சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மீனைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். படத்தைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. இந்த வசனத்துக்கு ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வசனத்தைப் பழையபடி சொல்ல வாய் வராது.

வரைந்தவர் பீற்றர் புரூகெல். 1556இல் அவர் கையால் வரைந்த மூலம் இன்று வியன்னாவின் அல்பர்டினா அரும்பொருளகத்தில் இருக்கிறது. அடுத்த வருடம் அன்ட்வேர்ப் நகரில் பீற்றர் வான் டெர் ஹெய்டன் அதைச் செப்புத் தகட்டில் வெட்டினார், ஹீரோனிமஸ் கொக் அச்சிட்டு விற்றார். தகட்டில் கூரிய உளியால் கோடு வெட்டி, கோட்டுக்குள் மையைத் தேய்த்து, மேலே படிந்ததைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். தட்டார் பட்டறையில் பிறந்த வித்தை இது. சுவரோவியத்தைப் பார்க்க அரண்மனைக்கோ தேவாலயத்துக்கோ போகவேண்டும். இந்தத் தாளைக் கடையில் வாங்கிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பெயர் விற்கும் என்பது கொக்குக்கு அப்போதே தெரிந்திருக்கிறது: படத்தின் மூலையில் புரூகெலின் பெயர் இல்லை, 1516இலேயே இறந்துபோன பிரபல ஓவியர் ஹீரோனிமஸ் பொஸ்ச்சின் பெயர் இருக்கிறது.

படத்தில் மலைபோல ஒரு மீன் கரையில் கிடக்கிறது. வாயிலிருந்து மீன்கள் கொட்டுகின்றன, அந்த மீன்களின் வாயிலும் மீன்கள். தலைக்கவசம் போட்ட ஒருவன் தன்னைவிடப் பெரிய கத்தியால் அதன் வயிற்றைக் கீற, அங்கிருந்தும் மீன்கள் சரிகின்றன. இன்னொருவன் ஏணி வைத்து அதன் முதுகில் ஏறித் திரிசூலத்தால் குத்துகிறான். மரத்தில் மீன் தொங்குகிறது. வானத்தில் ஒரு மீன் பறக்கிறது. மனிதக் கால் முளைத்த ஒரு மீன், வாயில் இன்னொரு மீனைக் கவ்விக்கொண்டு கரையில் நடந்துபோகிறது. முன்னால் ஒரு தோணி. அதில் ஒரு தகப்பன் மகனுக்குக் கையை நீட்டிக் காட்டுகிறார். பெரியது சின்னதைத் தின்னும் என்பது எனக்கு எப்போதோ தெரியும் மகனே என்ற கருத்தில் அடியில் இரண்டு வரி.

இதைத்தான் உருவகச் சித்திரம் என்கிறோம். எங்கள் ஊர்க் கவிஞர் நீலாவணனின் ‘ஓ வண்டிக்காரா’வை மாட்டுவண்டியைப் பற்றிய பாட்டு என்று மட்டும் யாரும் வாசிப்பதில்லை அல்லவா, அதேபோல. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இதற்கு அகராதியே வந்தது. சேசரே ரீப்பா என்ற இத்தாலியர் 1593இல் வெளியிட்ட நூல் 1603இல் படங்களோடு மறுபடி வந்தது. நீதியை எப்படி வரைவது, வறுமையை எப்படி வரைவது என்று அதில் முறை இருக்கிறது. ஆசியாக் கண்டம் அதில் ஒரு பெண். தலையில் பூமாலை, கையில் மிளகும் கராம்பும் தூபக்கலசமும், பின்னால் ஒட்டகம். மிளகும் கராம்பும் சரிதான். ஒட்டகம் எங்கள் கரையில் எந்தப் பக்கம் மேய்ந்தது என்று ரீப்பாவைத்தான் கேட்கவேண்டும்.

பாடசாலையில் மறுமலர்ச்சிக் கால ஓவியம் என்று மோனாலிசாவையும் கடைசி இராப்போசனத்தையும் பாடமாக்கிக் கொடுத்தோம். ஓவியர் பெயர், வருடம், இடம், முடிந்தது. இந்த அச்சுப் படங்களை நான் வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு வினாத்தாளிலும் கண்டதில்லை. அன்றைய சாதாரண சனங்கள் காசு கொடுத்து வாங்கிப் பார்த்துச் சிரித்துச் சண்டை பிடித்த படங்கள் இவைதான். எங்களிடம் அந்த வேலையைச் ‘சிரித்திரன்’ சுந்தரின் கேலிச்சித்திரங்கள் செய்தன.

என் மச்சான் கரைவலைக்காரர். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வாடியில் வைத்து இந்தப் படத்தைப் போனில் காட்டினேன். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் விரித்து விரித்துப் பார்த்தார். அடியில் இருந்த பழமொழியையும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இதுல மீன் எங்க மச்சான் தின்னுது? பெரிசு செத்துக் கிடக்கு. உள்ளுக்குக் கிடக்கிறதும் செத்தது. அந்தக் கால் முளைச்ச சைத்தான விட்டுட்டுப் பாருங்க. உசிரோட வேல செய்யிறது மனிசன் மட்டுந்தான். ஏணி வெச்சிருக்கான், கத்தி வெச்சிருக்கான்.”

நான் படித்த கலை விமர்சனம் எதிலும் இவ்வளவு சுருக்கமாக இதை யாரும் சொல்லவில்லை. தகப்பன் மகனுக்குச் சொல்லும் வசனம் இயற்கையைப் பற்றியது. படம் காட்டுவது வேறு. நடுவில் நிற்கிறவன் கவசம் போட்ட ஆள். அவன் கையில் இருப்பது பல் அல்ல, ஒரு கொல்லன் அடித்த கத்தி. அதன் அலகில் உலக உருண்டையின் அடையாளம் வெட்டியிருக்கிறது. வசனமும் படமும் ஒன்றையொன்று பொய்யாக்கும் இடத்தில்தான் புரூகெலின் கெட்டித்தனம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோணியில் இருக்கும் பையனும் பெரிய மீனைக் காட்டவில்லை. அதே தோணியில் ஒரு மீனின் வயிற்றிலிருந்து இன்னொரு மீனை இழுத்தெடுக்கும் ஆளைத்தான் காட்டுகிறான்.

மீன் உவமை எங்கள் பக்கத்திலும் பழையது. அர்த்தசாஸ்திரத்தில் மச்ச நியாயம் வருகிறது: தண்டிக்க அரசன் இல்லாவிட்டால் பலசாலி பலவீனனை விழுங்குவான், ஆகவே அரசன் வேண்டும். அங்கே மீன் அரசனுக்கு வக்காலத்து வாங்குகிறது. அரசனே பெரிய மீனாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த இடத்தில் பதில் கிடையாது.

முகலாயர்களும் உருவகச் சித்திரம் வரைந்தார்கள். 1580இல் யேசு சபைப் பாதிரிமார் அக்பரின் அவைக்குப் போனபோது, அன்ட்வேர்ப்பில் பிளான்டின் அச்சிட்ட பல மொழி பைபிளைக் கொண்டுபோனார்கள். அதன் முகப்பில் சிங்கமும் ஆட்டுக்குட்டியும் பகை மறந்து நிற்கும் உருவகப் படம். தகட்டை வெட்டியவர் நம்முடைய மீன் படத்தை வெட்டிய அதே ஹெய்டன். அவையின் ஓவியர்கள் இந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். படம் வரைவது எங்கள் மார்க்கத்துக்கு ஆகுமா என்று என்னிடம் கேட்ட பெற்றோருக்கு நான் இந்த அரண்மனைக் கதையைச் சொல்வதுண்டு. சிலர் ஏற்றார்கள், சிலர் பிள்ளையை வேறு பாடத்துக்கு மாற்றினார்கள்.

1616 அளவில் அபுல் ஹசன் வரைந்த ஒரு படம் டப்ளினில் செஸ்டர் பீற்றி நூலகத்தில் இருக்கிறது. ஜஹாங்கீர் உலக உருண்டையின்மேல் நின்று, ஈட்டியில் குத்திய ஒரு தலையை அம்பால் எய்கிறார். உருண்டை ஒரு எருதின் மேல், எருது ஒரு மீனின் மேல். தலை மாலிக் அம்பருடையது. அடிமையாக விற்கப்பட்டு வந்து, அகமத்நகரில் முதல் மந்திரியாகி, முகலாயப் படையைத் தக்காணத்தில் தடுத்து நிறுத்திய எத்தியோப்பியர். ஜஹாங்கீர் அவரைக் கடைசிவரை பிடிக்கவில்லை. 1626இல் மாலிக் அம்பர் தன் முதுமையில் இயற்கையாக இறந்தார். களத்தில் கிடைக்காத தலை படத்தில் கிடைத்தது. உருவகம் அரசனிடம் சம்பளம் வாங்கினால் இப்படித்தான் வேலை செய்யும். எல்லாவற்றையும் சுமக்கிற மீன் மட்டும் அடியில், யாரும் பார்க்காத இடத்தில்.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். 1602இல் ஒல்லாந்தர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரம். அங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். 1605இல் அச்சான அவருடைய பயணக் குறிப்பில் அந்தச் சந்திப்புக்கு ஒரு செப்புத்தகட்டுப் படம் உண்டு. மன்னரும் கப்பற் தலைவரும் கைகுலுக்குகிறார்கள். எங்கள் பாடப் புத்தகங்களிலும் வந்த படம். அதில் பெரிய மீனும் இல்லை, சின்ன மீனும் இல்லை. சமமான இருவர்.

36 வருடம் கழித்து, 1638 மே மாதம், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டின் படையும் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தன. 23ஆம் திகதி ஒப்பந்தம் எழுதினார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்கும் என்கிறது மூன்றாம் பிரிவு. மன்னர் விரும்பினால் என்ற நிபந்தனை மன்னருக்குக் கொடுத்த பிரதியில் இருந்தது, ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களவர் இதை இன்றும் சொல்வார்கள். இதைப் பெரிய மீன், சின்ன மீன் என்று எப்படிச் சொல்வது? எந்தச் சுறாவும் மூன்றாம் பிரிவை இரண்டு விதமாக எழுதுவதில்லை. அங்கே ஒரு எழுதுகோல் இருந்தது, அதைப் பிடித்த கை இருந்தது.

இன்னும் பக்கத்தில், கல்முனைக்குத் தெற்கே ஒலுவில். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம். அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டது, கரையோரமாக வடக்கே நடந்துபோகிற மணல் மறிபட்டது. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது, வடக்குப் பக்கம் ஒலுவில் கரையும் நிந்தவூர்ப் பக்கமும் அறுந்தன. தென்னை போனது, காணி போனது, வள்ளம் இழுத்து வைக்கிற இடம் போனது. இதற்கு எங்கள் சனங்கள் சொல்லும் வசனம், கடல் தின்னுது. 2004 சுனாமியில் கடல் இந்தக் கரையைத் தின்றது உண்மை. அதற்கு நாங்கள் அல்லாஹ்விடம்தான் முறையிட்டோம். ஒலுவிலில் தின்றதற்குப் பொறியியல் வரைபடம் இருக்கிறது, கடன் பத்திரம் இருக்கிறது, கையொப்பங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லும்போது வரைபடத்துக்குப் பொறுப்பானவர் சுனாமிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

துறைமுகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கரையில் துறைமுகம் என்பது அஷ்ரப் அவர்கள் அமைச்சராக இருந்த காலத்திலேயே எங்கள் பகுதியின் ஆசை. ஆழ்கடல் படகு வைத்திருக்கிறவர்களுக்கு இன்றும் அது தேவை. ஆசைப்பட்டவர்களே கேள்வியும் கேட்கவேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

மறுபடி புரூகெல். படம் வெளிவந்து அறுபது வருடத்துக்குப் பிறகு, 1619இல், ஒல்லாந்தின் பெரிய அரசியல்வாதி யோகான் வான் ஒல்டன்பார்னெவெல்ட்டின் தலை வெட்டப்பட்டது. 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியை ஒன்றுசேர்த்ததில் முக்கிய கை அவருடையது. மட்டக்களப்புக் கோட்டைக்கு வந்தது அந்தக் கொம்பனிதான். அவர் தலை போன அதே வருடம் யாரோ இந்த மீன் படத்தை நகலெடுத்து, எழுத்துகள் சேர்த்து, வயிறு கீறப்பட்டுக் கிடக்கும் பெரிய மீன் அவர்தான் என்று ஆக்கி விற்றார்கள். நல்ல ரசனை என்று சொல்லமாட்டேன். செத்தவரைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது. அந்தக் கொலையில் நியாயம் இருந்ததா என்பதும் வேறு விவகாரம். ஆனால் அந்த அச்சுக்காரர் ஒன்றைச் சரியாகச் செய்தார். பொதுவான மீனைப் பொதுவாக விடவில்லை. எது யார் என்று பெயர் எழுதினார்.

பத்திரிகை நண்பர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். ஒரு வருடத் தடை முடியாது என்றால், மீனை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே பெயரையும் போடுங்கள். அம்பாந்தோட்டை என்றால் எந்த அமைச்சரவை, எந்தத் திகதி, எத்தனையாம் பிரிவு. ஒலுவில் என்றால் மணல் எந்தப் பக்கம் நகரும் என்பதை அளந்த அறிக்கை எது, அதை வாசித்துவிட்டுக் கையொப்பம் வைத்தவர் யார், வாசிக்காமல் வைத்தவர் யார். சித்திர ஆசிரியர்களும் இந்தப் படத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே காட்டலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஏ4 தாளில் எடுக்கக் கடையில் சில்லறைக் காசுதான். பிள்ளைகளிடம் ஓவியர் பெயரையும் வருடத்தையும் கேட்கவேண்டாம். கத்தி யாருடையது என்று கேளுங்கள்.