மதுரையா... திருச்சியா... ஒரு எக்ஸெல் பஞ்சாயத்து!



எங்க ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல மெஸ் பால் கிடைக்குதோ இல்லையோ, ஒரு சண்டை கண்டிப்பா கிடைக்கும். குடியிருக்க லாயக்கான ஊரு மதுரையா, திருச்சியா?

"எங்க ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. உங்க மீனாட்சி கோயில் தெற்கு கோபுரம் 170 அடிதானே?" என்று திருச்சி கோஷ்டி பிள்ளையார் சுழி போடும். "உங்களுது 1987-ல கட்டி முடிச்ச லேட்டஸ்ட் மாடல்டி. எங்களுது பதினாறாம் நூற்றாண்டு ஒரிஜினல் பீஸு!" என்று மதுரை கோஷ்டி பாயும். அப்பாவுக்கு லால்குடி, அம்மாவுக்கு மதுரை சிம்மக்கல் என்பதால் நான் எப்பவும் கேலரியில் உட்கார்ந்து கை தட்டுகிற ஆள்.

அந்த சண்டை நேரா எங்க வீட்டு ஹாலுக்கே வரும்னு யார் கண்டா?

மேட்டர் இதுதான். அப்பா வர்ற மே மாசம் ரிட்டயர் ஆகிறார். இருபத்தேழு வருஷமா இருந்த திருச்சி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அடுத்து எங்கே? "திருச்சிதான்" என்றார் அப்பா. "மதுரைதான்" என்றாள் அம்மா. பெங்களூரு அண்ணன் போனில், "எனக்கு ரெண்டும் ஓகே" என்று எஸ்கேப். கடைசியில் அப்பா என்னைப் பார்த்தார். "இன்ஜினீயரிங் படிக்கறல்ல... நீயே சொல்லு."

விடுவோமா? லேப்டாப்பைத் திறந்தாச்சு. பத்து தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெயிட்டேஜ், மொத்தம் நூறு மார்க். எக்ஸெல் ஷீட் ரெடி!

முதல் தலைப்பு வரலாறு. நோண்ட நோண்ட சிரிப்பு தாங்கலை. ஏன்னா, இதே பஞ்சாயத்தை நாயக்க மன்னர்களே பண்ணியிருக்காங்க பாஸ்! மதுரையில் இருந்த தலைநகரத்தைத் திருச்சிக்கு மாத்தினாங்க. 1630-களில் திருமலை நாயக்கர், 'மதுரைதான் பெஸ்ட்' என்று திரும்பப் போய் பிரமாண்டமா மஹாலைக் கட்டினார். அவர் பேரன் சொக்கநாதர் 1660-களில் மறுபடியும் திருச்சிக்கு வண்டியைத் திருப்பினார். சும்மா போகலை... தாத்தா கட்டின மஹாலில் ஒரு பகுதியைப் பிரிச்சு, கல்லும் மரமுமா திருச்சிக்கு ஏத்திட்டுப் போனாராம். அந்தக் காலத்து பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்! இன்னைக்கு நாம பார்க்கிற திருமலை நாயக்கர் மஹால், மிச்சம் இருக்கிற துண்டுதான். வரலாறு, டிரா.

அடுத்து தண்ணி. காவிரியும் கொள்ளிடமும் கைகோத்து ஓடற ஊர் திருச்சி. மதுரையிலோ, சித்திரையில் அழகர் ஆத்துல இறங்கறதுக்கே வைகை அணையிலிருந்து தண்ணி திறந்துவிடணும். திருச்சிக்கு மார்க்கை அள்ளிப் போட்டேன்.

வெயில்? ரெண்டு ஊருமே தோசைக்கல். நோ கமென்ட்ஸ்.

போக்குவரத்து? தமிழ்நாட்டு மேப்புல நட்டநடு சென்டர் திருச்சி. 1983-ல் எம்.ஜி.ஆர் தலைநகரத்தையே அங்கே கொண்டுபோக நினைச்சாரே, சும்மாவா? 2024-ல் ஏர்போர்ட்டுக்குப் புது டெர்மினல் வேற வந்தாச்சு. திருச்சி லீடிங்!

மதுரையும் சளைச்சது இல்லை. 2004-ல் ஹைகோர்ட் கிளை, 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 1976-ல் பதினோரு படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை இன்னிக்கு உலகத்துக்கே பாடம். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆவி பறக்கிற இட்லி, ஜிகர்தண்டா, பருத்திப்பால்... சாப்பாட்டு காலத்துல மதுரை சென்டம்! திருச்சியோட மைக்கேல் ஐஸ்க்ரீமுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தேன்.

ரிசல்ட்: திருச்சி 74, மதுரை 69.

அப்பா முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஷீட்டை மேலேர்ந்து கீழே வரைக்கும் ஒரு தடவை படிச்சாள். அப்புறம் ரொம்ப சாதாரணமா கேட்டாள்.

"ஏடி, இதுல எங்கம்மா எந்தக் கட்டத்துல இருக்கா?"

எனக்குப் பேச்சே வரலை.

அம்மாச்சிக்கு எண்பத்தொரு வயசு. சிம்மக்கல்ல தனியா இருக்கு. போன ஐப்பசியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தப்ப, பக்கத்து வீட்டு அக்காதான் தூக்கிட்டு ஓடினாங்க. அம்மா இங்கிருந்து பஸ் பிடிச்சு 135 கிலோமீட்டர் கடந்து போய்ச் சேர்றதுக்குள்ள கட்டே போட்டாச்சு. அதை அம்மா எங்ககிட்ட ஒரு வரிகூடப் புலம்பினது இல்லை.

மலைக்கோட்டை தாயுமானவர் கதை தெரியும்ல? பிரசவத்துக்குத் துணையா வரவேண்டிய அம்மா, காவிரியில வெள்ளம் வந்ததால அக்கரையில மாட்டிக்குவாங்க. மகளுக்குப் பிரசவம் பார்க்க, சிவனே அந்த அம்மா ரூபத்துல வந்தாராம். அதனாலதான் அந்தப் பேரு. அம்மா அந்த சந்நிதியில எதுக்கு அவ்வளவு நேரம் நிப்பாள்னு இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்லை. இங்கே கதை உல்ட்டா. அக்கரையில மாட்டிக்கிட்டது மகள்.

மறுபடி ஷீட்டைப் பார்த்தேன். ஏர்போர்ட்டுக்கு நான் கொடுத்திருந்த வெயிட்டேஜ் 15. வேலைவாய்ப்புக்கு 15. ஏர்போர்ட் யாருக்கு? வேலை யாருக்கு? ரெண்டு வருஷத்துல சென்னைக்கோ புனேவுக்கோ பறக்கப் போற எனக்கு! குடியிருக்கப் போறது அவங்க. மார்க் எல்லாம் கரெக்ட்தான். வெயிட்டேஜ் போட்ட கைதான் தப்பு.

மவுஸை அம்மாகிட்ட நகர்த்தினேன். அவள் கடைசியில ஒரு வரி சேர்த்தாள்: 'அம்மாச்சி'. பக்கத்துல நம்பர் போடாம விட்டுட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தார். அப்புறம் அவரும் ஒரு வரி சொன்னார். "வாக்கிங் செட்டுன்னு போடு." காலை அஞ்சரைக்கு ஆறு பேர், அப்புறம் டீக்கடை பெஞ்ச்... இருபத்தேழு வருஷம். "அங்கே போய் நான் யார்கிட்டடா பேசுவேன்?" என்றார். அப்பா டென்ஷனாகும்போது என்னை 'டா' போடுவார். அவர் பிடிவாதம் பிடிக்கலை, பயந்திருக்கார்னு அப்பதான் உறைச்சது.

அந்த ரெண்டு வரிக்கும் கூட்டல் போடவே இல்லை நாங்க.

சண்டை ரெண்டு நாள் ஓடிச்சு. மூணாவது நாள் அப்பாவே, "சிம்மக்கல் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பாரு. கீழ்வீடா இருக்கட்டும், உங்கம்மாவால மாடி ஏற முடியாது" என்றார். வீடு வாங்கற பேச்சு இப்போதைக்கு இல்லை. லால்குடி மனை அப்படியே இருக்கும். மாசம் ரெண்டு தடவை காலையில வைகை எக்ஸ்பிரஸ்ல ஏறினா டிபனுக்குத் திருச்சி. சாயங்காலம் திரும்பி வர்ற வைகையில மதுரை. அது அப்பா போட்ட கண்டிஷன். அம்மா டபுள் ஓகே!

சொக்கநாதரோட மனைவி ராணி மங்கம்மாள் பேரைச் சொல்லி ரெண்டு ஊர்லயும் அரண்மனை இருக்கு. திருச்சியில மலைக்கோட்டைப் பக்கம் இப்ப அரசு மியூசியமா இருக்கிற மஹால், மதுரையில காந்தி மியூசியம் இருக்கிற தமுக்கம். எங்கப்பாவுக்கு அவ்வளவு வேணாம். ஒரு ஜன்னல் சீட் போதும்.

உங்க வீட்லயும் இந்தப் பஞ்சாயத்து வரலாம் மக்களே. தாராளமா எக்ஸெல் ஷீட் போடுங்க. வெயிட்டேஜ் போடுற பேனாவை மட்டும், அங்கே குடியிருக்கப் போறவங்ககிட்ட கொடுத்திருங்க.

ஹாஸ்டல் சண்டையா? அது வழக்கம்போல தொடருது. நேத்து ராத்திரி ஸ்கோர், கோபுரத்துல திருச்சி, இட்லியில மதுரை!